மாமாவின் கிரேக்கப் பாடம்

என் மாமா கிரேக்கம் படிக்கத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயதிருக்கும். சிங்கப்பூருக்கு வடக்கே, லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். அம்மாவின் ஒரே தம்பியான மாமா அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். காய்ச்சல்காரருக்குக் கொயினா கொடுப்பதும் வெட்டுக் காயங்களுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. யாழ்ப்பாணத்தில் சிறு வயதிலேயே தாயை இழந்த அவரை, கல்யாணமாகிக் கப்பலேறும்போது அம்மா கையோடு கூட்டி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் அவர் மாமா என்பதைவிட மூத்த பிள்ளை என்பதே பொருத்தம்.

அந்த மூத்த பிள்ளைக்குத் திடீரென்று பாதிரியாராகும் ஆசை வந்தது. ஜெபம் நடத்தப் பக்கத்து ஊரான ரந்தாவுக்கு மாதந்தோறும் வரும் வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் போய்ச் சொன்னார். சிங்கப்பூரில் உள்ள வேதசாஸ்திரக் கல்லூரிக்குத் தானே எழுதுவதாகவும், அதற்கு முன் கிரேக்க எழுத்துகளையாவது தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்றும் கூறி, அவர் ஒரு பழைய பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மழைக்காலம் முடிந்ததும் வந்து கேட்பாராம். அப்போது சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தம்பிக்கென்று சிரம்பானில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு வருஷம் கிடைத்தால் கல்யாணத்தை முடித்துவிடலாம், அதன்பிறகு சிங்கப்பூராவது கிரேக்கமாவது என்பது அவள் எண்ணம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வந்து, சமையலறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, மாமா உரக்க ஆல்பா, பீட்டா, காமா என்று ஆரம்பிப்பார். நானும் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து கூடவே கத்துவேன். நம் எழுத்துக்கு அதன் சத்தமே பெயர். வெறும் 'அ' என்று சொல்லிவிட்டுப் போகாமல் அதற்கு ஆல்பா என்று இவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. 'ரோ' என்ற எழுத்து பார்ப்பதற்கு இங்கிலீஷ் 'பீ' போலவே இருக்கும். மாமா ஒவ்வொரு முறையும் அதில் ஏமாந்து நாக்கைக் கடித்துக்கொள்வார். தீட்டாவுக்கு நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும்படி புத்தகம் சொல்லியிருந்தது. நாங்கள் இருவரும் அப்படியே ஊதி, ஒருவர் முகத்தில் ஒருவர் எச்சிலைத் தெளித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நாங்கள் சொல்வது சரியா என்று கேட்க ஆளில்லை. தோட்டத்தில் யாரும் கிரேக்கரைக் கண்ணால் கண்டதில்லை. அப்போதுதான் போர்ட்டிக்சன் துறைமுகத்தில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவர், துறைக்கு வந்திருக்கும் கப்பலில் சமையல்காரன் கிரேக்கன் என்றும், மறுநாள் தன் கடைக்கு வெங்காயம் வாங்க வருவான் என்றும் மாமாவிடம் சொன்னார். மாமா லீவு போட்டுவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறினார்.

சமையல்காரன் மலைபோல் இருந்தான். புத்தகத்தை நீட்டியதும் தொப்பியைக் கழற்றினான், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். பீட்டா அவன் வாயில் 'வீத்தா' ஆயிற்று. ஈட்டா 'ஈத்தா' ஆயிற்று. காமாவில் வந்த சத்தம் நாம் 'முகம்' என்னும்போது வருகிற மெல்லிய க. நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையிலிருந்து உலர்ந்த திராட்சையை அள்ளி என் கையில் வைத்தான்.

திரும்பும் வழியில் மாமாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"இப்ப எதைச் சொல்லுறது, பிள்ளை? புத்தகத்தில இருக்கிறதையோ, அந்த மனிசன் சொன்னதையோ?"

"ரெண்டையும் சொல்லுங்கோ, மாமா" என்றேன். திராட்சை தின்றுகொண்டே சொன்ன யோசனை. அவர் அதை எடுத்துக்கொண்டதுதான் வினையாயிற்று.

மழை விட்டது. பாதிரியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மாமா கைகட்டி நின்று தொடங்கினார். முதல் எழுத்துகள் புத்தகத்தின்படி வந்தன. நடுவில் சமையல்காரன் புகுந்துவிட்டான். மாமா அவனைத் தள்ளிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார். "நியூ" என்றவர், "நீ" என்றார், மறுபடி "நியூ" என்றார். அதோடு நின்றுவிட்டார். அடுத்தது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

காத்திருந்து பார்த்த பாதிரியார், பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தமிழில் கனிவாகச் சொல்லத் தொடங்கினார். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா பேசினாள்.

"நியூவுக்குப் பிறகு க்சை, தம்பி. அதுக்குப் பிறகு ஓமிக்ரோன். சொல்லு."

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓமெகா வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பாதிரியார் அம்மாவிடம் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

"ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, ஐயா. சமைக்கேக்க காதில விழுந்தது."

அவர் சிரித்துவிட்டார். மாமா கப்பல் சமையல்காரனைப் பற்றிச் சொன்னதும், இரண்டு உச்சரிப்புமே உண்டு, சமையல்காரன் சொன்னது அவர்கள் நாட்டில் இப்போது பேசுகிற விதம், கல்லூரியில் வேறு விதம், அதை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம் என்றார். மாமாவைச் சில வரிகள் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மெதுவாகத்தான் வாசித்தார், ஆனாலும் 'ரோ'வில் ஏமாறவில்லை. சிங்கப்பூருக்கு அந்த வாரமே எழுதுவதாகப் பாதிரியார் வாக்குக் கொடுத்தார். மாமா போனார், படித்தார், பாதிரியாராகவும் ஆனார். பல வருஷம் கழித்து என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர்தான்.

அன்று பாதிரியார் போனதும் மாமா தோட்டம் முழுக்கச் சொல்லிவர ஓடினார். நான் கோபத்தோடு சமையலறைக்குப் போனேன். எனக்கும் தெரியும், நானே சொல்லியிருப்பேன், அதற்குள் நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், பிள்ளை" என்றாள்.

அம்மா என் கெட்டித்தனத்தை மெச்சுகிறாள் என்று நினைத்தேன். கோபமெல்லாம் போய், சந்தோஷமாக வெளியே விளையாட ஓடினேன்.