மைதானத்தின் மறுகோடி

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையில் பெல்மதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பங்களாத் தோட்டக்காரனாக இருந்தேன். தோட்டத்தை நடத்திய சிங்களத் துரைக்கு கோல்ஃப் பைத்தியம். வெளிநாட்டிலிருந்த தம்பி அவருக்கு ஒரு புது டிரைவர் அனுப்பியிருந்தார். பந்தைத் தூரத்துக்கு அடிக்கிற மட்டையைத்தான் அப்படிச் சொல்வார்கள். பழையதன் மரத்தலை என் கைமுட்டி அளவு. புதியதன் தலை உலோகம். ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையைவிடப் பெரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், இரண்டில் எது கூடத் தூரம் போகிறதென்று பார்க்க, துரை என்னைத் தோட்டத்து மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பினார். பழைய மட்டையில் அடித்த பந்து விழுந்த இடத்தில் வெள்ளைக் குச்சி நட வேண்டும், புதியதற்குச் சிவப்பு. புதியது தகரத்தில் தட்டியதுபோலச் சத்தம் போட்டது. பந்து உயரே எழும்பி வெள்ளைக் குச்சிகளைத் தாண்டிப் போனது. ஆனால் நேராக வந்தது குறைவு. பெரும்பாலும் அவருடைய வலப்பக்கத் தேயிலைக்குள் போய் விழுந்தது.

தேயிலைக்குள் தேடிக்கொண்டிருந்தபோது, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, ஒம் பொஞ்சாதிக்கு வலி கண்டிருச்சு. ரத்தமா போவுது. ஒடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவச் சொல்லுது மிட்வைஃப் அம்மா."

காலையில் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தவள். இன்னும் நாள் இருக்கிறதென்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது. இருந்த ஒரே வாகனம் துரைக்குப் பின்னால் நின்ற அவருடைய ஜீப்.

மைதானத்தின் குறுக்கே ஓடினேன். "தொரே, தொரே" என்று கத்தினேன். எதிர்க்காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தகரச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் நெஞ்சில் கல் விழுந்தமாதிரி இருந்தது. புல்லில் கிடந்தேன்.

துரை பதறி ஓடி வந்தார். "பைத்தியமா ஒனக்கு? எங்க பட்டுச்சி? சொல்லு" என்று என் சட்டையைப் பிரித்தார். எனக்கு மூச்சே வரவில்லை. வாயைத் திறந்தேன், சொல் எழவில்லை. கையால் லயத்தைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கி, "அசையாத, அசையாத" என்றார். அங்கே அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் என் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

பின்னாலேயே வந்த அக்காதான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். துரை மட்டையைப் புல்லில் எறிந்துவிட்டு ஜீப்புக்கு ஓடினார்.

அவரேதான் ஓட்டினார். பின் சீட்டில் அக்காவின் மடியில் என் மனைவி தலைவைத்துக் கிடந்தாள். பெல்மதுளைச் சந்தியில் பஸ்கள் வழிமறித்து நின்றன. துரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "புள்ள அசையலங்க" என்றாள். "அசையும்" என்றேன். வேறென்ன சொல்ல?

பெண்பிள்ளை. வயிற்றிலேயே போய்விட்டது. ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். துரை வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, "நெஞ்சு நோவுதா?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்தேன். இருட்டும்வரை அவர் போகவில்லை.

சில வாரம் கழித்துப் பங்களா வாசலில் என்னைக் கூப்பிட்டார். "நீதானே அங்க நின்னு பார்த்தது. எது நல்லம்?" என்றார். கேட்டபிறகு அவர் முகம் மாறிப்போனது.

"புதுசு தூரம் போவுதுங்க" என்றேன்.

என் மனைவி ருவான்வெல்லையில் அவள் அம்மா வீட்டிலேயே மழை முடியும்வரை இருந்தாள். திரும்பி வந்ததும் காம்பராவில் தொட்டிலுக்கென்று கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, வாசலில் கட்டித் துணி காயப்போட்டாள்.