சமாளிப்புக்கு நாலு மார்க்

ஃபாரம் அக்கா இருபத்து மூன்று வருஷமாக ஊரார் வாயைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். அதுதான் தொழில். சோப்பு நுரைக்கிறதா, பற்பசை எரிகிறதா, பஸ் நேரத்துக்கு வருகிறதா, யாருக்கு ஓட்டு என்று வீடு வீடாக ஏறிக் கேட்டுக் கட்டத்தில் டிக் அடித்து நடுவிரல் காய்த்துவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. “சாப்பாடு எப்படி? ரொம்பப் பிடிச்சிருக்கா, ஓரளவா, பிடிக்கலையா?” என்பாள். “கருத்து இல்லை,” என்பார் கணவர். அந்த மனுஷனுக்கு எப்போதும் அந்தக் கட்டம்தான்.

இப்போது கிடைத்திருப்பது சோப்பு வேலை இல்லை. பிஸ்கட் ஆலையில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்து ரெண்டு வருஷம் ஆகிறது. பின்கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். தப்பித்தவர்களுடைய மனசு என்ன பாடுபடுகிறது, அதை எப்படித் தாங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சின்ன வயசு, தங்கமான பெண், ஆனால் ஃபாரத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றச் சொன்னால்கூட முகம் வெளுத்துவிடும். ஃபாரத்தில் முதல் பகுதி துன்பம், இரண்டாம் பகுதி சமாளிப்பு. துன்பம் எவ்வளவு இருந்தாலும், சமாளிப்பில் இருபத்து நாலுக்குப் பதினெட்டு வாங்கிவிட்டால் அந்த ஆளுக்குச் சிகிச்சை தேவையில்லை. மனநல மருத்துவரிடம் வாரம் ஒரு தடவை போகிற பட்டியலில் பெயர் வராது.

அக்காவுக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை வாசிக்கலாம். விளக்கக் கூடாது.

அந்தத் தமிழை யார் எழுதினார்களோ, அவர்களை உட்கார வைத்து அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். “அந்த நிகழ்வை நினைவூட்டும் புறத்தூண்டல்களைத் தவிர்க்க முயன்றீர்களா?” என்று பேக்கிங் பிரிவுப் பெண்ணிடம் அக்கா கேட்டாள்.

“தூண்டிலா? எங்க வீட்ல யாரும் மீன் பிடிக்கிறதில்லக்கா.”

அக்கா இன்னொரு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவையும் வாசித்தாள். “இல்லன்னு போட்டுக்கோங்க,” என்றாள் அந்தப் பெண், பரிதாபப்பட்டு. பேக்கரி இருக்கிற தெரு வழியாகப் போனால் அவளுக்கு வீடு ரெண்டு நிமிஷம். வெந்த மாவு வாசனை பட்டால் குமட்டுகிறது என்று இருபது நிமிஷம் சுற்றிப் போகிறாள். அதை அக்கா வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னாள். ஃபாரம் பைக்குள் போன பிறகு சொல்வதெல்லாம் ஆராய்ச்சியில் சேராது.

இருந்தாலும் அக்காவின் பொறுமையை ஒரேயடியாகக் காலி செய்தவர் அடுப்பு மேஸ்திரிதான். ஆலையில் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொண்டவர், ஐம்பது வயசு, கழுத்தில் தீக்காயத் தழும்பு. அவர் நாற்காலியை நேரே வாசற்படிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் ஷூ போட்டிருந்தார், கயிறு இறுக்கிக் கட்டி. பேசுகிற நேரம் முழுக்க ஒரு கண் கதவு மேலேயே இருந்தது.

“மன அழுத்தத்தை உங்களால் சமாளிக்க முடிகிறதா?”

“சமாளிக்கிறேம்மா.”

“உறக்கக் குறைபாட்டைச் சமாளிக்க முடிகிறதா?”

“அதெல்லாம் சமாளிச்சுக்கிறேன்.”

ஆறு கேள்விக்கும் இதே பதில், ஆறுக்கும் நாலு நாலு மார்க். இருபத்து நாலுக்கு இருபத்து நாலு! பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை மனுஷன் இதில் வாங்கிவிட்டார். அடுக்களை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். “குடும்பத்தினர் குறுக்கிடக் கூடாது” என்று ஃபாரத்தின் மேலேயே அச்சடித்திருந்ததால் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். நிறுத்திவிட்டு வெளியே வந்து தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மேடம் பூரித்துப் போயிருந்தார். “அறுபத்து நாலு பேர்ல அறுபது பேர் நல்லாச் சமாளிக்கிறாங்க அக்கா! எவ்வளவு மன உறுதி பாருங்க. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடிடலாம்.”

“மேடம், அவங்க சமாளிக்கலை. அதனாலதான் சமாளிக்கிறோம்னு சொல்றாங்க.”

“அது எப்படி?”

“அந்த வார்த்தை அப்படி. சமாளிக்காதேன்னு நாம யாரைத் திட்டுவோம்? பூசி மெழுகறவங்களைத்தானே?”

“ரெண்டு பேர் மொழிபெயர்த்து, மூணாவது ஆள் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்த ஃபாரம் இது,” என்றார் மேடம்.

“நாலாவதா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேஸ்திரி வீட்டுக்குள்ள ஷூ போட்டுட்டு உக்காந்திருக்கார். அதுக்குக் கட்டம் எங்க இருக்கு?”

“அது உங்க அபிப்பிராயம். அபிப்பிராயத்தைப் பதிய முடியாது.”

அக்காவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. அப்போது மேடத்தின் போன் அடித்தது. பேராசிரியர். இடைக்கால அறிக்கை எங்கே என்று அவர் கேட்பது மேஜைக்கு இந்தப் பக்கமே கேட்டது. “முடிஞ்ச மாதிரிதான் சார். கடைசிப் பக்கம் மட்டும் ஒரு தடவை பாத்துட்டு...” என்று மேடம் இழுத்தார். அறிக்கையில் தலைப்பைத் தவிர ஒரு வரி எழுதவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பாடா. எப்படியோ சமாளிச்சுட்டேன்.”

அக்கா பேனா மூடியைத் திறந்தாள். “எத்தனை மார்க் போடட்டும் மேடம், நாலா?”

மேடத்தின் காது சிவந்தது. பிறகு ஃபாரங்களை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். “வேற எப்படிக் கேக்கலாம்?” என்றார் கடைசியில்.

“என்ன பண்றீங்கன்னு கேக்கலாம். அவ்வளவுதான்.”

பேராசிரியரிடம் அனுமதி வாங்க ஒரு நாள் போயிற்று. வியாழக்கிழமை காலை, புதுத் தாளோடு அக்கா முதலில் ஏறியது மேஸ்திரி வீட்டுப் படியைத்தான். அவர் பல்லைக் கடித்தார். “மறுபடியுமா? அதான் எல்லாத்தையும் சொன்னேனே.”

“நீங்க சொன்னீங்க. நாங்கதான் ஒழுங்காக் கேக்கலை. ராத்திரி தூக்கம் வரலைன்னா என்ன பண்றீங்க?”

மேஸ்திரி கதவைப் பார்த்தார். “என்ன பண்றது, இங்கதான் உக்காந்திருப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“விடியற வரைக்கும். கதவை லேசாத் திறந்து வெச்சிருப்பேன். ஷூ கால்லதான் இருக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

“எத்தனை நாளா?”

“எத்தனை நாளாவா? அன்னிலேருந்துதான்.”

இத்தனையும் அவர் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதும்போது கோபம்தான் வந்தது, இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது என்று. இனி அவர் பெயர் சிகிச்சைப் பட்டியலில் வருவதை யாராலும் தடுக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

“எனக்கு ஃபாரம் இருக்கா?” என்றாள் மனைவி, அடுக்களை வாசலிலிருந்து.

“நீங்க ஆலையில வேலை பாத்தீங்களா?”

“இல்ல.”

தொழிலாளிகளுக்கு மட்டும்தான் ஃபாரம். இருந்தாலும் அக்கா மறுபடியும் உட்கார்ந்து, தாளைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். “ராத்திரி நீங்க என்னம்மா பண்றீங்க?”

“முழிச்சிருப்பேன். இவர் கதவைப் பாத்துட்டு உக்காந்திருப்பார், நான் இவர் முதுகைப் பாத்துட்டுப் படுத்திருப்பேன்.”

மேஸ்திரி அன்றைக்கு முதல் தடவையாகக் கதவை விட்டுத் திரும்பினார். “நீ தூங்கறதில்லையா?”

“எப்படித் தூங்கறது? நீங்க எழுந்து ஓடினா நானும் பின்னாலயே வரணும்ல?”