பேஸ் கிடாரின் முதுகில் இருந்த நம்பர்

உங்கள் வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருபது வருஷமாக நின்ற ஒரு பொருளை, அதே மாதிரி நாலு பொருள்களோடு கலந்து வைத்தால் கண்டுபிடித்துவிடுவீர்களா? சும்மா தலையாட்டாதீர்கள். நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

பொருள், பேஸ் கிடார். எலெக்ட்ரிக், நாலு கம்பி. அப்பாவுடையது. அப்பா புதுக்கோட்டையில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். சனி, ஞாயிறு, திருவிழா சீசன் என்றால் ஒரு இன்னிசைக் குழுவில் பேஸ். பாடகர்களுக்குப் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில், யார் எடுத்த போட்டோவிலும் பாதி மட்டும் விழுகிற ஆள். அந்தக் கிடார் எழுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. சென்னையில் ஏதோ ஹோட்டல் பேண்டில் வாசித்தவரிடமிருந்து கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ரொம்பக் கனம், தொட்டால் திட்டு விழும், அவ்வளவுதான்.

போன வருஷம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "லெஃப்ட் ஹேண்ட் பழையபடி வர்றது கஷ்டம்" என்றார். அம்மா அழுதாள். நான் கேண்டீனுக்குப் போய் ரெண்டு பரோட்டா சாப்பிட்டேன். பசித்தது. அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். பேஸ் வாசிக்க இடது கை வேண்டும். இடது கை இனி இல்லை. ஆக பேஸும் வேண்டாம். எஞ்சினியரிங் படித்த மூளை, நேராகத்தான் போகும். பழைய சாமான் விற்கிற ஆப்பில் அன்று ராத்திரியே போட்டேன். நாலாவது நாள் பொன்னமராவதியிலிருந்து இன்னிசைக் குழு வைத்திருக்கும் ஒருத்தர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காசில் நான் போன் வாங்கினேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் கேட்க ஆளில்லை.

மூன்றாம் மாதம் அப்பாவுக்குப் பேச்சு திரும்பியது. முதலில் தண்ணி கேட்டார். அடுத்து, "பேஸ் எங்கடா?"

"சர்வீஸ்க்குக் குடுத்துருக்கேன்ப்பா. திருச்சில."

வாயில் வந்துவிட்டது. அவ்வளவு ஈஸியாக வந்ததுதான் இன்றைக்கும் ஆச்சரியம். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தரம் கேள்வி, ரெண்டு தரம் அதே பதில். எட்டு மாசம் ஓடியது. ஒருநாள் பிசியோதெரபிக்காரர் முன்னாலேயே அப்பா கேட்டார். "என்னடா, ராக்கெட்டா செய்யுறான் ஒன் சர்வீஸ்காரன்?"

பிசியோ சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். அந்த விரல்களில் கிள்ளினாலும் அவருக்குத் தெரியாது. அந்தக் கிடார் திரும்பி வரும் என்பதற்காகத்தான் அவர் தினம் அந்தக் கையோடு மல்லுக்கட்டுகிறார் என்று பிசியோ வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார். நான் சரி என்றேன். உள்ளே எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ஷெட்டில் நாலு பேஸ் சாத்தி வைத்திருந்தது. குழுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வித்தத திருப்பி வாங்க வாரவன இப்பத்தான் பாக்குறேன். சரி, ஒங்களோடது எதுன்னு எடுத்துக்கங்க தம்பி."

இருபது வருஷம் பார்த்த பொருள். நேராகப் போய் மூன்றாவதை எடுத்தேன். ஓரமெல்லாம் தேய்ந்து, வார்னிஷ் உரிந்து, பழசாக இருந்தது.

"அது போன மாசம் ஆன்லைன்ல வந்தது. தேஞ்ச மாதிரியே செஞ்சு அனுப்புறாங்க இப்பல்லாம்" என்றார். "ஒங்களோடது இதுல எதுவும் இல்ல. மணமேல்குடிக்கு அங்கிட்டு ஒரு சர்ச்சுக்கு வாங்கிட்டுப் போனாங்க. சும்மா பாத்தேன், அடையாளம் தெரியுதான்னு."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பழைய பேஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உலகத்தில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். தலையில் இருக்கும் கம்பெனி பெயரை நம்பாதே, ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். உரிந்த பெயிண்டை நம்பாதே. முதுகைப் பார். கழுத்தும் உடம்பும் சேர்கிற இடத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு இரும்புத் தகடு, நாலு ஸ்க்ரூ. கம்பெனி நம்பர் அதில்தான் அடித்திருக்கும்.

நம்பர் எனக்குக் கிடைத்தது. அப்பாவின் சங்கத்து டைரிகளில், எந்த வருஷத்தை எடுத்தாலும், முதல் பக்கத்தில் ரத்த வகைக்குக் கீழே அந்த ஆறு இலக்கம் எழுதியிருந்தது. என் பிறந்த தேதி அதற்கு அடுத்த வரி.

மணமேல்குடி தாண்டி, அந்தச் சர்ச் இருந்த கடலோரக் கிராமத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு லீடர், ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன். பூசை முடிந்ததும் கிடாரை மாடியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. தலை, உடம்பு, கழுத்தின் பின்பக்கம், எல்லாம் வெள்ளை.

"திருவிழாவுக்குக் கோயிலுக்கு பெயிண்ட் அடிச்சோம். ஒரு டப்பா மிச்சம். இதுக்கும் அடிச்சாச்சு. பளிச்சுன்னு இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

திருப்பினேன். தகட்டில் பெயிண்ட் இல்லை. ஆனால் பாத்திரக்கடையில் குடத்துக்குப் பேர் வெட்டுவார்களே, அந்த மெஷினால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. உபயம் என்று முதல் வரி. அடுத்த வரி ஒரு பெயர். அதற்குக் கீழே குவைத். கம்பெனி அடித்த நம்பர் மேலேயே வெட்டியிருந்தார்கள். எழுத்துகளுக்கு நடுவில் முதல் ரெண்டு இலக்கமும் கடைசி இலக்கமும் எட்டிப்பார்த்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மிச்சமும் அடியில் தெரிந்தது. டைரியில் இருந்ததேதான். போனில் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"எங்க அப்பாவோடதுண்ணே. வாங்கிக்கிறேன், குடுங்க."

"உபயத்த விக்கக் கூடாது தம்பி. மச்சான் குவைத்லேர்ந்து காசு அனுப்பி வாங்கிக் குடுத்தது." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "மாத்திக்கலாம். ஃபாதர்ட்ட கேக்குறேன். புதுசு ஒண்ணு கொண்டாங்க, இத எடுத்துக்கங்க."

ஃபாதர் ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு திருச்சியில் வாங்கிய புது பேஸோடு போனேன். அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு தயாராக இருந்தார். வாங்கிப் பார்த்தார், ஒரு தட்டுத் தட்டினார், திருப்தி. பிறகு ரெண்டையும் பாயில் குப்புறப் போட்டு முதுகுத் தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"மச்சான் பேரு இங்கதான இருக்கணும். அவன் லீவுல வந்து மொத வேலையா திருப்பித்தான் பாப்பான்."

"அதே பேர வேற தகட்டுல வெட்டித் தாரேண்ணே. என் செலவுல."

"இது ஃபாதர் மந்திரிச்சது தம்பி."

"அப்ப கிடாரும் மந்திரிச்சதுதான?"

"அது கட்டை. பேரு இதுலல்ல இருக்கு."

இதற்கு எந்த வீடியோவிலும் பதில் சொல்லித்தரவில்லை. ஸ்க்ரூ நாலும் உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருந்தன. தேங்காயெண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்றி, எங்கள் தகட்டைப் புது கிடாரின் முதுகில் பூட்டினார். புது கிடாரின் மொட்டைத் தகட்டை எங்களுடையதில் பூட்டினார். ஓட்டைகூட சரியாகப் பொருந்தியது. "பாத்தீங்களா, கடவுள் சித்தம்" என்றார். பஸ்ஸில் அறந்தாங்கி வரைக்கும் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அக்கா, "சர்ச்சுல வாசிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் கட்டிலில் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து மடியில் கொடுத்தேன். அம்மா கதவருகில் நின்றாள்.

அப்பா பெயிண்டைப் பார்த்தார்.

"என்னடா, சுண்ணாம்பு அடிச்சுருக்கான்?"

"புது ஃபினிஷ்ப்பா. சர்வீஸ்ல பண்ணாங்க."

இடது கையை வலது கையால் தூக்கிக் கிடாரின் கழுத்தின் மேல் வைத்தார். அது வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது தெரிகிறதா என்று. பிறகு கையை எடுத்துக் கீழே வைத்தார்.

"திருப்பு."

திருப்பினேன். வலது கட்டைவிரலால் தகட்டைத் தடவினார்.

"நம்பர் எங்க?"

"துருப்புடிச்சுருச்சுப்பா. தகடு மாத்திட்டாங்க."

"துருப்புடிச்சா நம்பர மாத்துவானா?" குரல் குழறினாலும் வார்த்தைகள் தெளிவாக வந்தன. அவ்வளவு நீளமாக அவர் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. "இது நம்மளோடது இல்லடா. ஒன்ன ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரன். நம்மளோடத அமுக்கிட்டு எதையோ வெள்ளையடிச்சுக் குடுத்துருக்கான். பழசோட வெல அவனுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது."

"அப்பா, இது நம்மளோடதுதான்."

"நீ சும்மா இரு. டைரிய எடு. நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்போம். நானே வாரேன், ஆட்டோ சொல்லு."

அம்மா, "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்கா? விடுங்க, ஒரு கிடாருக்குப் போயி" என்றாள்.

"ஒனக்கு அது கிடாரு" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "கடை பேரு என்னடா? சொல்லு" என்றார்.

இல்லாத கடைக்கு என்ன பேர் சொல்வது. பத்துப் பெயர்கள் தோன்றின. ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். நான் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திறந்து அவர் வலது கையில் கொடுத்தேன்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார். உ, ப, ய, ம் என்று உதடு அசைந்தது. அடுத்த வரி. அடுத்த வரி. பிறகு திரையை விரலால் பெரிதாக்கப் பார்த்தார், வரவில்லை. நான் பெரிதாக்கினேன். எழுத்துக்கு அடியில் கிடந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்தார். ஆறும் சரி. மடியில் கிடந்த வெள்ளைக் கிடாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை.

"எப்ப?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப."

"எவ்வளவுக்குக் குடுத்த?"

"எட்டாயிரம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கம்மி" என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன். அப்பா என்னிடம் இன்னும் பேசவில்லை.