சூடு பார்க்க ஓடிய கேமரா

கேமரா வாடகைக்கு விடும் நிறுவனத்தில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். ஓர் அறைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் எவ்வளவு என்று மீட்டர் கருவி இல்லாமல் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அடுத்தவர்கள் படமெடுக்கப் போகும் கேமராவைச் சோதித்து, துடைத்து, பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் பதினேழு வருஷமாக அவள் வேலை. தானே ஒரு படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அதைப் புரிந்துகொண்டவர், அங்கே கேமரா எடுக்க வரும் ஓர் இயக்குநர்.

பெரிய கம்பெனிகளின் பக்கம் போகாமல் சொந்தமாகச் சின்னச் சின்னப் படங்கள் எடுப்பவர் அவர். புதிதாக வந்திருந்த ஒரு டிஜிட்டல் கேமராவில் அடுத்த படத்தை எடுக்க நினைத்தார்.

"கம்மி வெளிச்சத்துல முகம் எப்படி வருது, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. நல்லா வந்துச்சுன்னா இந்தப் படத்துக்கு நீங்கதான் கேமரா," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை நம்பி, அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது நாள் அலைந்தாள். மாடிப்படி, பஸ்ஸின் பின் இருக்கை, மழைக்கு இருண்ட ஜன்னல் என்று ஒன்றையும் விடவில்லை. நிழலில் கறுத்த முகங்கள் லேசாகப் பச்சையடிப்பதைக் கண்டுபிடித்தாள். அதை எப்படிச் சரிசெய்வது என்பதையும் கண்டுபிடித்து நோட்டில் எழுதினாள். பாக்கி இருந்தது சூடு மட்டும். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டால்தான் கேமரா சூடேறித் தானாக அணைந்துபோகிறதா என்று தெரியும்.

அதற்குத் தங்கையின் சமையலறை தோதாக இருந்தது. ஒரே ஒரு டியூப் லைட், காற்று வராத ஜன்னல். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கைக்கு அன்று விடுமுறை.

"நான் என்னக்கா செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். நீ பாட்டுக்குப் பாத்திரம் கழுவு."

முதல் பத்து நிமிடம் தங்கை கேமராவை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுவினாள். அப்புறம் மறந்துபோனாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, வெளியூரில் வேலை பார்க்கும் அவள் கணவனிடம் வந்து நின்றது.

"அடுத்த மாசமாவது வருவாராமா?"

தங்கை குழாயை மூடினாள். "அவர் வேலைக்குப் போகலக்கா. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. எட்டு மாசமாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மீட்டரக்கா எழுந்து போய் அணைத்திருக்கலாம். ஆனால் கேமராத் திரையின் மூலையில் வெப்ப அளவு ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அழாதடி," என்றாள். அழுகிற முகத்தின் நிழலில் பச்சை இல்லை என்பதையும் கவனித்தாள்.

கேமரா அணையவில்லை. மறுநாள் எடுத்த எல்லாவற்றையும் நோட்டோடு சேர்த்து இயக்குநரிடம் கொடுத்தாள். அந்தக் கடைசி ஒன்பது நிமிடத்தை அழித்துவிட வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் எடுத்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, படத்துக்கு வேறொருவர் ஒளிப்பதிவு என்று கேள்விப்பட்டுப் போன் செய்தாள்.

"உங்க நோட்டு ரொம்ப உதவியா இருக்கு. அடுத்த படத்துல கண்டிப்பா பாக்கலாம்," என்றார் இயக்குநர்.

படம் வந்ததும் தனியாகப் போய்ப் பார்த்தாள். பாதிப் படத்தில் கதாநாயகி ஒரு வீட்டு ஜன்னலைக் கடக்கிறாள். உள்ளே தங்கை குழாயை மூடுகிறாள். அவள் சொன்னதும் அழுததும் குரலோடு அப்படியே இருந்தன. பக்கத்து இருக்கையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியே வந்த கையோடு இயக்குநரைக் கூப்பிட்டாள். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"சோதனைக்கு எடுத்ததும் படத்துக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அழிக்காம குடுத்ததும் நீங்கதான். அந்தம்மாவோட நடிப்பைத்தான் எல்லாரும் பேசுறாங்க."

போனை வைத்துவிட்டாள். தங்கையிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் படம் போனில் பார்க்கும்படி வந்துவிட்டது. மருந்து வாங்க வந்த பெண் ஒருத்தி போனை நீட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை தங்கை கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை.

"நான் அழுதப்ப நீ என்னைத்தான் பாத்துட்டிருக்கேன்னு நெனச்சேன்க்கா."

தங்கை அந்தக் கடையையும் வீட்டையும் விட்டு வேறு பக்கம் குடிபோனாள். சித்தப்பாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மீட்டரக்கா ஒருநாள் போனாள். தங்கை கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். புது இடத்தில் பஸ் வசதி எப்படி, வெயில் எப்படி என்று பேசினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.