கூடுதலாக ஊற்றிய எண்ணெய்

எழுபதுகளின் தொடக்கம். ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்லும் ஒரு கிழட்டு டீசல் எஞ்சினும் இருந்தன. அந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட, எஞ்சினையே கயிறு கட்டி இறக்கி, கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடையில் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

அது புகை கக்கியது, எண்ணெய் குடித்தது. தாம்பரத்திலிருந்து வந்த மெக்கானிக், "ரிங்கு, லைனர் ரெண்டும் தேஞ்சி பூட்சிம்மா" என்றார். எங்கள் சக்திக்கு ரிங்கை மட்டும்தான் மாற்ற முடிந்தது. போகும்போது என்னிடம் சொன்னார்: "எஞ்சின் எண்ணெய அளவுக் கம்பியில இருக்குற கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க. அதையே குடிச்சிக்கினு தறிகெட்டு ஓடும். டீசல அடைச்சாலும் நிக்காது. காத்து போற வாயை அடைச்சாத்தான் நிக்கும்."

கேட்டுக்கொண்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. குடிகார எஞ்சினுக்குக் குறைத்து ஊற்றினால் காய்ந்து இறுகிவிடாதா? பயிர் என்ன ஆவது? மறுநாள் காலை என் வீட்டுக்காரர் பல் விளக்கும் நேரத்தில் இறங்கி, ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு வந்தேன். என் அதிகப்பிரசங்கித்தனம்.

அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்க மேடைக்குக் கீழே போனார். நான் மேலே நின்றேன். திடீரென்று சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. கிணறு முழுக்கப் புகை. அவர் மேலே வர வேண்டிய படியோ எஞ்சினை ஒட்டித்தான் இருந்தது. பம்பை ஓட்டும் பெல்ட் அறுந்து அடித்தால் ஆள் மிஞ்ச மாட்டார். முதலில் இருமல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாட்டுத் தொட்டியில் ஊறிக்கிடந்த கோணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவசரத்தில் இரண்டு படி சறுக்கினேன். டீசலை அடைத்தேன், நிற்கவில்லை. கோணியைச் சுருட்டிக் காற்று வாயில் வைத்து முழு பலத்தோடும் அழுத்தினேன். எஞ்சின் குலுங்கிக் குலுங்கி நின்றது.

அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பதில் வராவிட்டால்?

"யாரு, நீயா?" புகைக்குத் தப்ப, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

ரிப்பேர் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கண்டபடி திட்டினார். மெக்கானிக் வந்து எண்ணெயை அளந்து பார்த்தார், என்னையும் பார்த்தார், வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "எம் பொண்டாட்டி எறங்கலன்னா நான் இல்ல" என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதன் பிறகு நான் மேலே நின்றால்தான் கிணற்றில் இறங்குவார். வேறு யார் நின்றாலும் மாட்டார். "நீ இருந்தா எனக்குப் பயமில்ல" என்பார். நானும் ஒவ்வொரு நாளும் நின்றேன், நனைத்த கோணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.