நான்கு கட்டங்களில் ஒரு பெயர்

கைபேசித் திரையில் ஒரு வயதான அம்மாளின் சிரித்த முகம். அதற்கு மேல், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாக நான்கு காலிக் கட்டங்கள். கலிபோர்னியாவில் லிவர்மோரிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியில், மலைச்சரிவில் டிராஃபிக் அடியோடு நின்றுபோன ஒரு காலையில், பக்கத்து சீட்டிலிருந்து எங்கள் டீம் லீட், எங்கள் வேலையை நடத்தும் பெண்மணி, அதை என்னிடம் நீட்டினார். "என் அம்மா" என்றார். அடக்கம் முந்தைய நாளே அவர் ஊரில் முடிந்திருந்தது.

அவர் ஊர் ஜார்ஜியா. ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் நாடு. அமெரிக்காவிலும் அதே பெயரில் ஒரு மாநிலம் இருப்பதால், இந்த விளக்கத்தை இங்கே அவர் யாருக்குத்தான் சொல்லவில்லை? முதன்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, என் கணவர் அந்த மாநிலத்து அட்லாண்டாவில் இருக்கும் தன் சித்தி பையனைப் பற்றி அவரிடம் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசித் தீர்த்தார். விஷயம் புரிந்ததும் சமையலறைக்குள் வந்து, "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மானமே போச்சு" என்று என்மேல் பாய்ந்தார். லீட் சிரித்துக்கொண்டே இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நானும் லீடும் ஒரே காரில்தான் வேலைக்குப் போனோம்.

எங்கள் வேலை எழுத்துகளோடு. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த மொழியின் எந்த எழுத்தானாலும் உலகப் பொதுப் பட்டியலில் அதற்கென்று ஓர் எண் வேண்டும். ஜார்ஜிய மொழியில் தலைப்புகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் மட்டும் எழுதும் பெரிய எழுத்துகளுக்கு வெகுகாலம் அந்த எண் இல்லை. கிடைத்ததும், எங்கள் மென்பொருளில் உடனே சேர்த்தாக வேண்டும் என்று லீட் ஒற்றைக்காலில் நின்றார். பல போன்களில் அவற்றுக்கு எழுத்துரு இல்லையே, வெறும் கட்டம்தானே தெரியும் என்று சிலர் இழுத்தார்கள். "முதலில் இடம் கிடைக்கட்டும், முகம் பின்னால் வரும்" என்றார். சேர்த்த அன்று, வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த அவர் ஊர் மிட்டாயை டீம் முழுவதற்கும் வெட்டிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருடம் ஊரில் அவர் அம்மா படுத்துவிட்டார். லீடின் கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவழியில் நின்றிருந்தது. "ட்ராவல் பெர்மிட் வராம கிளம்பினா திரும்பி உள்ள விட மாட்டான். வெயிட் பண்ணச் சொல்லு" என்றார் என் கணவர். வக்கீலும் அதையேதான் சொன்னாராம். சாவு காத்திருக்கவில்லை. அடக்கத்தை லீட் வீடியோவில் பார்த்தார். இங்கே இருக்கும் நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

உறவினர்கள் இணையத்தில் வைத்த அஞ்சலிப் பக்கம் தலைப்புகளைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும். அப்படி மாற்றியதால் வந்தவை லீட் வாதாடிச் சேர்த்த அதே எழுத்துகள். அவர் போனில் அவற்றுக்கு உருவம் இல்லை. நினைத்திருந்தால் லேப்டாப்பைத் திறந்து ஒரு நிமிடத்தில் சரியாகப் பார்த்திருப்பார். திறக்கவில்லை. "நானே கேட்டு வாங்கிய எழுத்து" என்று மட்டும் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு அம்மாவின் பெயரை மெல்ல உச்சரித்தார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தின் இணைப்பை எனக்கும் அனுப்பிவைத்தார்.

ஊருக்குப் போகாமலேயே லீடும் போய்விட்டார். புற்றுநோய். பெர்மிட் வந்தபோது அவர் விமானம் ஏறும் நிலையில் இல்லை.

போன வாரம் புதுப் போன் வாங்கினேன். பழைய செய்திகளை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த என் மகள், "ஹூ இஸ் திஸ், அம்மா?" என்று திரையைக் காட்டினாள். அதே சிரித்த முகம்.

"லீட் ஆன்ட்டியோட அம்மாடி" என்றேன்.

மேலே கட்டங்கள் இல்லை. உயரமாக, வளைவு வளைவாக, நான்கு எழுத்துகள் நின்றன. எனக்கு அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது. அன்று காரில் லீட் உச்சரித்ததை நினைவுபடுத்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, நான் அந்தப் பெயரைச் சொன்னேன்.