தயிர் டப்பா மூடி போட்ட கேமரா

திருப்பூரை ஒட்டிய எங்கள் நெருப்பெரிச்சலில் குழந்தைகளைவிடக் குழந்தைச் சட்டைகள் அதிகம். விற்பனைக்காக அவற்றைப் படம் பிடிப்பவர் எங்கள் கிட்டுசாமி மாமா. மாமாவின் கண்ணில் கோளாறு இல்லை. அவர் கேமராவுக்குத்தான் காமாலை. ரோஸ் சட்டை படத்தில் ஆரஞ்சாகும். நீலச் சட்டை பாசி பிடித்த தொட்டியாகும். ஊருக்குள் அவர் கடைக்குப் பெயரே காமாலை ஸ்டுடியோ. வைத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். ஓட்டை, கறை, நிற வித்தியாசம் பார்க்கும் வேலை. "நாள் பூரா பார்த்ததையே பார்க்கறதுக்கு நான் என்ன செக்குமாடா?" என்று வெளியே வந்து பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினார். அன்றிலிருந்து நாள் பூரா பார்த்ததையே படம் பிடிக்கிறார்.

சட்டைகளைப் படமெடுக்கக் கொடுத்த மற்ற முதலாளிகளெல்லாம் நழுவிய பிறகு மிச்சமிருந்தவர் அர்த்தநாரி. அவரும் ஒரு நாள் ஸ்கை ப்ளூ சட்டையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க கிட்டு, நாங்க ஒருக்கா சாயம் போட்டா, நீங்க மறுக்கா போடறீங்களே! இதாச்சும் நீலமா வரோணுமுங்க. இல்லாட்டி எம்பட பையன் கோயமுத்தூர்ல ஆள் பார்த்து வெச்சிருக்கான்."

அவர் போனதும் மதுமதி அத்தை தீர்ப்பு சொன்னார். "இந்த வாட்டியும் மஞ்சளா வந்துச்சுன்னா கேமராவை வித்துப்போட்டு செக்கிங்குக்கே போயிருங்க."

மாமாவின் முகம் வெளுத்தது. அந்த வெள்ளையைக் கேமராவிடம் காட்டியிருந்தாலாவது புண்ணியம்.

ஏனென்றால் வைத்தியம் அவ்வளவுதான். படம் எடுக்கும் வெளிச்சத்தில் ஏதாவது வெள்ளையைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டால், மற்ற நிறங்களை அது சரிசெய்துகொள்ளும். ஆனால் திருப்பூரில் வெள்ளைக்கு எங்கே போவது? இங்கே மில்க் ஒயிட் உண்டு, ஸ்னோ ஒயிட் உண்டு, ஆஃப் ஒயிட் உண்டு. வெறும் வெள்ளைதான் கிடையாது. மாமா காட்டியது பளபளக்கும் புதுப் பனியன். பளபளப்புக்காகப் போட்ட மருந்தில் அது லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அதையே வெள்ளை என்று நம்பிய கேமரா, எல்லாவற்றிலும் நீலத்தைக் கழித்தது, மிஞ்சியது மஞ்சள். வேட்டியைக் காட்டினார். அத்தை முக்கியெடுத்த சொட்டு நீலம் அதிலும் காலை வாரியது. இட்லியைக் காட்டினார். வெந்தயம் போட்டு லேசாக மஞ்சளேறிய இட்லி. இப்போது எல்லாம் நீலமானது, ரோஸ் சட்டை உட்பட.

"இட்லியவாச்சும் தின்னுங்க" என்றார் அத்தை.

அப்போது கரண்ட் போனது. மாமா ஜன்னலோரம் நகர்ந்து, வேட்டியை இன்னொரு முறை தூக்கிப் பிடித்து, எரிச்சலோடு 'இதுதான் வெள்ளை' என்று சொல்லும் பொத்தானை அமுக்கினார். கேமராவின் மூடி எப்போதோ தொலைந்ததால், தயிர் டப்பாவின் வெள்ளை மூடியை ரப்பர் பேண்டு போட்டு மாட்டியிருந்தார். அதைக் கழற்ற மறந்துவிட்டார்.

"மாமா, தயிர் புளிச்சுருச்சுங்களா?" என்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மூடியைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் படம் பிடித்தார். நீலம்! சாயமேறாத மூடி வழியாக வந்த ஜன்னல் வெளிச்சத்தைத்தான் கேமரா வெள்ளை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் படத்தில் கைக்கு ஒரு நீலம், உடம்புக்கு ஒரு நீலம். மாமா சட்டையைத் தூக்கி வெயிலில் பிடித்தார். சட்டையிலும் அப்படித்தான். பனியனைக் காட்டி மறுபடி மஞ்சளாக்கினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அவர் விரல் பனியன் வரை போனது. பழைய செக்கிங் புத்தி அதைத் திருப்பி இழுத்தது. படத்தை அப்படியே அனுப்பினார்.

அர்த்தநாரி புல்லட்டில் பறந்து வந்தார். சட்டையைப் பிடுங்கி வாசலில் நின்று பார்த்தார்.

"டியூப் லைட்டுல ஒண்ணாட்டத்தானுங்களே இருந்துச்சு! வேற வேற நாள் சாயம் போட்ட ரெண்டு லாட் துணியக் கலந்து வெட்டிப்போட்டானுங்க. நல்ல வேளை, இன்னும் பொட்டி கட்டலீங்க." சட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "இனிமேல் வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லாட்டையும் நீங்க போட்டோ புடிச்சுக் குடுத்துருங்க கிட்டு."

அவர் போனதும் அத்தை கேட்டார், "அப்ப இதுவும் செக்கிங்குதானுங்களே?"

"போட்டோகிராபி" என்றார் மாமா, கெத்தாக.

அத்தை தயிர் மூடியைச் சாம்பார் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாகக் கழுவி, முந்தானையில் துடைத்து, புது ரப்பர் பேண்டு போட்டு கேமராவில் மாட்டினார்.